இருபத்தெட்டு

வெளியே ஒன்பது டிகிரி.
உள்ளே இருபத்தெட்டு இருந்தாக வேண்டும்.
குறைந்தால் என் புழுக்கள் தின்னாது,
சுருண்டு கிடக்கும்,
திங்கட்கிழமைக் காலையில் நான் கிடப்பதுபோல.

கட்டபெட்டு டீ ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டிக் கொட்டகை.
டிரையர் வெளியே விடும் சூட்டை
ஒரு தகரக் குழாயில் எனக்குத் திருப்பிவிட்டவர் ஜோகி.
மாதம் நாலாயிரம் கேட்டார்.
வீணாய்ப் போகிற காற்றுக்கா என்றேன்.
குழாய்க்கு என்றார்.

நெடுகுளாவில் கேரட் கழுவும் மிஷினுக்குக் கீழே
உருண்டு விழுந்ததெல்லாம் என்னுடையது:
இரண்டு கால் முளைத்தது, நுனி ஒடிந்தது,
மேட்டுப்பாளையம் மண்டி முகம் சுளிக்கும் குள்ளம்.
அரைத்து ட்ரேயில் பரப்பினால்
ஓட்டின்மேல் தூறல் விழும் சத்தம் கேட்கும்.
கடன் கொடுக்க வந்த பேங்க் மேனேஜர்
குடை எடுக்கவில்லையே என்று ஜன்னலைப் பார்த்தார்.
மழையில்லை சார், வாய்கள்.
அவர் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

பதினாலாம் நாள் சலித்து, வாட்டி, சாக்கில் தைத்துக்
கீழே அனுப்புவேன்.
குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம், திருச்சி,
அப்புறம் நிலம் தீர்ந்துபோகும் இடம்.
திருமுல்லைவாசல் பக்கம்
அமிர்தகடேசனின் கொடுவாக் குட்டை.
முதல் போனில் சொன்னார்: நமக்கு இருபத்தெட்டு இருக்கணும் மேடம்.
எனக்கும்தான் என்றேன்.
அவர் சொன்னது உப்பு என்று புரிய
ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு கிலோ கொடுவா வளர்க்க
எத்தனை கிலோ மத்தியை அரைத்தோம் தெரியுமா, என்பார்.
கடலைக் கொடுத்துக் கடல் வாங்கும் வியாபாரம்.
இப்போது மூன்றில் ஒரு பங்கு என் புழு,
கொஞ்சம் சோயா,
மத்தியை இன்னும் முழுதாய் விட முடியவில்லை.
ஒருமுறை முழுக்கப் புழுவையே போட்டுப் பார்த்தார்.
வாயில் வாங்கித் துப்பின,
சோற்றில் கல் கடித்த மாமனார் மாதிரி.

மிஷின் வைத்துத் தீனி வீசமாட்டார்.
தென்கிழக்கு மூலையில் ஒரு பிடி,
தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பார்.
இன்னொரு பிடி.
ஒரு மீன் யோசித்துக்கொண்டே மேலே வந்தால்
சாக்கின் வாயைக் கட்டிவிடுவார்.
அதுக்கு மேல போடுறது மீனுக்கு இல்ல மேடம்,
சேத்துக்கு.
சேறு தின்னா அப்புறம் சேறு மூச்சுவிடும்.
அப்ப மீன் விடாது.

கார்த்திகையில் ஒரே புயல் இரண்டு பேரையும் பிடித்தது.
அங்கே வானம் உடைந்து
குட்டையின் மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்பு,
பேசாத சம்பந்திகள்போல் அடுக்கடுக்காய்.
உப்பு பதினொண்ணு, தீனி நிறுத்திட்டேன் என்றார்.
இங்கே குஞ்சப்பனையில் மண் சரிந்தது,
கொழுந்து வரவில்லை, டிரையர் ஓடவில்லை,
ஜோகியின் குழாய் சில்லிட்டுக் கிடந்தது.
தெர்மாமீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
பதினொன்று.
அவரிடம் சொல்லவில்லை.

எட்டு மூட்டை லாரிக்குக் காத்திருந்தன.
நாற்பது ட்ரேயையும்
ஒரே தொட்டியில் கவிழ்த்தேன்.
பரப்பி வைத்தால் விறைக்கும்,
குவித்தால் ஒன்றின்மேல் ஒன்று நெளிந்து
தாமே சூடாகும்.
அரைத்த கேரட்டை ஒரு கரண்டிதான் போட்டேன்.
கை இன்னொன்று போடத் துடித்தது.
கட்டிவிட்டேன், சாக்கின் வாயை.

மூன்று ராத்திரி இதே பேச்சு.
போட்டீங்களா.
இல்ல. நீங்க.
இல்ல.

நாலாம் நாள் விடியலில் போன்.
காற்று இரைந்தது, மோட்டார் சத்தம்,
பாதி வார்த்தை குன்னூர்ப் பக்கம் எங்கோ விழுந்தது.
உப்பு பதினாறு மேடம். மூலையில ஒரு பிடி போட்டேன்.
ம்?
ரொம்ப நேரம் ஒண்ணும் பேசவில்லை.
முழங்கைவரை நான் தொட்டிக்குள் விட்டிருந்தேன்.
அடியில்
காய்ச்சல்காரன் கழுத்துபோல் சூடு.
ஒண்ணு வந்துச்சு, என்றார்.